கொப்புளமும் கம்மாபுரத்து நெல்லும்

பூச்சிகளின் குடித்தனத்தைப் பற்றிக் கொப்புளத்துக்குத் தெரிந்த அளவு தெரிந்த மனிதன் கொள்ளிடத்துக்கு வடக்கே பிறக்கவில்லை. தெற்கேயும் பிறந்திருப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

2006 வாக்கில் சிதம்பரம் ஹாஸ்டலில் அவன் என் ரூம்மேட். நான் எம்.காம். அவன் விவசாயத்தில் ஆராய்ச்சி. அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. இலையில் ஒரு புடைப்பைக் கண்டால் நகரமாட்டான் என்பதால் எல்லோருக்கும் அவன் கொப்புளம்தான்.

ஒருநாள் கடலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் கறிச்சோறு காத்திருந்தது. பாதி வழியில் புங்க மரத்தடியில், ஓர் இலைப் புடைப்பைப் பார்த்து நின்றுவிட்டான்.

"மச்சான், இதப் பாரு. கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன் கட்டுன வீடு. கட்டுனவன் இருக்கறப்பவே வாடகைக்கு ஒருத்தன் வருவான். ரெண்டு பேரையும் திங்க இன்னொருத்தன் வருவான். எல்லாரும் காலி பண்ணப்புறம் எறும்பு குடிவரும்."

"பஸ்ஸு போயிடுச்சுடா!"

"போவட்டும். அடுத்த பஸ்ஸு வரும்."

என் கொசுவலையை வெட்டிப் பைகளாகத் தைத்துக் கிளைகளில் கட்டியவனும் அவனே. கேட்டதற்கு, "உன்னக் கடிக்கறது சாதாரண கொசு மச்சான். பைக்குள்ள இருக்கறது தரமான பூச்சி" என்றான். நான் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு யோசித்தேன்.

அந்த ஐப்பசியில் அக்கா போனில் அழுதாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, இருந்த வேலையை விட்டுவிட்டுக் கம்மாபுரம் பக்கம் முதல்முறையாகக் குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கர் நெல். தூர்களில் அங்கங்கே தண்டு வெங்காயத் தாள் மாதிரி வெளுத்துக் குழல் விட்டிருக்கிறதாம். தண்டுக்குள் புழு வைக்கும் ஆனைக்கொம்பன் ஈயின் வேலை. இந்தப் போகம் போனால் குடும்பத்தோடு திருப்பூர்தான் என்கிறாராம் மாமா.

கொப்புளம் சட்டைப் பொத்தானைப் பஸ்ஸில்தான் போட்டான்.

நாங்கள் போனபோது மாமா மருந்து கலந்துகொண்டிருந்தார்.

"நாலு நாள் பொறுங்க மாமா. கொழல் விட்ட தூரு கதிர் வைக்காது, அது போனது போனதுதான், மத்தது வெளையும். ஆனா உள்ள இருக்கற ஈப்புழுவ ஒரு பொடிக் குளவி தின்னுக்கிட்டிருக்கும்னு நெனைக்கிறேன். மருந்தடிச்சா நம்ம ஆளும் சேந்து செத்துருவான். அப்புறம் அடுத்து வர்ற ஈய யாரு தடுப்பா?"

"நெனைக்கிறியா? என் பயிரு தம்பி இது!"

நியாயமான கேள்வி. அவன் குழல்களை நறுக்கி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி அடுப்படியில் வைத்தான். கறுப்பாகக் குளவி வந்தால் மருந்து வேண்டாம், கொசு மாதிரி ஈ வந்தால் தானே மருந்தடிப்பதாகச் சொன்னான். தோள்பையில் எப்போதும் சுமக்கும் மூன்று வருட ஆராய்ச்சி நோட்டுகளை எடுத்து அக்கா கையில் கொடுத்தான்.

"நான் சொன்னது தப்புன்னா அடுப்புல போடுங்கக்கா."

நான் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. வெள்ளைத் துணி கட்டிய பாட்டிலைக் கண்டால் எங்கள் பக்கத்துப் பெண்மணி யாராக இருந்தாலும் என்ன செய்வார்? அக்காவின் மாமியார், எலுமிச்சை ஊறுகாயோடு அதையும் மொட்டை மாடியில் காயவைத்துவிட்டார். சாயங்காலம் உள்ளே இருந்ததெல்லாம் வெந்து கிடந்தது.

"ஏதோ தண்டு ஊறுகான்னு நெனைச்சேன் தம்பி" என்றார் அந்தம்மா.

மாமா ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்கு நடந்தார். கொப்புளம் பின்னாலேயே ஓடிச் சேற்றில் இறங்கி ஒரு குழலைப் பிடுங்கி நீட்டினான். கூடவே லென்ஸ்.

"ஒண்ணே ஒண்ணு மாமா. நீங்களே கிழிங்க."

மாமா வேண்டாவெறுப்பாகக் கிழித்தார். உள்ளே புழு செத்து உப்பியிருந்தது. அதன் உடம்புக்குள் நெருக்கியடித்துக்கொண்டு குளவிக் குஞ்சுகள்.

"செத்துக் கெடக்குதுடா!" என்றார் மாமா.

அடுத்ததும் செத்திருந்தது. மூன்றாவது நெளிந்தது. எனக்கு அந்த நோட்டுகள் எரியும் வாசனையே வந்துவிட்டது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது எல்லாம் செத்தவை. அதற்கப்புறம் யாரும் சொல்லாமலேயே மாமா குனிந்து குனிந்து பிடுங்கிக் கிழித்துக்கொண்டே போனார். ஸ்பிரேயரை எப்போது கழற்றி வரப்பில் வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

தை அறுப்பில் களம் நிறைந்தது. திருப்பூர்ப் பேச்சே அப்புறம் எழவில்லை. ஊரில் யார் மருந்து டப்பாவோடு போனாலும் மாமா மறித்தார். "மொதல்ல கிழிச்சுப் பாருய்யா! எங்க வீட்டுப் புள்ள சொல்லிட்டுப் போயிருக்கான்." இவன் என் ரூம்மேட் என்று சொல்லிக்கொண்டு நானும் ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

அந்த ஐப்பசியில் நாங்கள் கிளம்பியபோது, அக்கா திருப்பிக் கொடுத்த நோட்டுகளின் அட்டையெல்லாம் மஞ்சளும் குங்குமமும். அக்கா சாமி அலமாரியில்தான் வைத்திருந்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு வருசம் படிச்சியே, அதுல நீ செஞ்ச உருப்படியான காரியம் இவனக் கூட்டியாந்ததுதான்டா."

நான் அன்றைக்கு மறுக்கவில்லை. இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.