ஆறு நாள் ஆறு நிமிடம்

புள்ளியியல் உதவிப் பிரிவின் கையெழுத்து இல்லாமல் எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்த ஆய்வும் பட்டம் வரை போகாது. அந்தப் பிரிவில் கோப்புகளை மேசை விட்டு மேசை நகர்த்தும் பெரும்பொறுப்பு என்னுடையது.

ஒரு வியாழக்கிழமை எறும்புக்காரி வந்தாள். பெயர் நாங்கள் வைத்ததுதான். கையில் ஐந்து வருட உழைப்பு. மறுநாள் மாலைக்குள் ஒப்படைக்காவிட்டால் அத்தனையும் குப்பை. சிக்கலைத் தீர்ப்பதில் உயிரினங்கள் எப்படி, பொறியாளர்கள் எப்படி என்று ஒப்பிட்டிருந்தாள். சர்க்கரைக்குப் போகும் பாதையை அடைத்தாள். எறும்புகள் பன்னிரண்டு நிமிடத்தில் வேறு வழி கண்டுபிடித்தன. கேன்டீனுக்குப் போகும் பாதையை அடைத்தாள்; பொறியாளர்கள் குழு அமைத்துப் பன்னிரண்டு நாளில் கண்டுபிடித்தார்கள்.

"எத்தனை எறும்பு?" என்றார் எங்கள் அதிகாரி.

"நாலாயிரம் சார்."

"பொறியாளர்?"

"ஆறு பேர்தான் சார். இத எந்த முறையில கணக்குப் பாக்கணும்னு கேக்கத்தான் வந்தேன்."

"விதிப்படி ரெண்டு பக்கமும் முப்பதாவது இருக்கணுமே."

அவள் முகம் வாடியது. எனக்கே பாவமாக இருந்தது. அதிகாரி கால்குலேட்டரைத் தட்டினார்.

"கவலைய விடுங்கம்மா. சராசரி பாத்தா பக்கத்துக்கு ரெண்டாயிரத்து மூணு இருக்கு! தாராளம்."

"சார், அப்படிப் பாக்க..."

"நேரத்துக்கும் சராசரி போட்டாச்சு. ரெண்டு தரப்புக்கும் ஆறு நாள் ஆறு நிமிஷம். வித்தியாசமே இல்ல. இப்படி எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

"வித்தியாசம் இருக்குன்னுதானே சார் அஞ்சு வருஷமா..."

"வித்தியாசம் வேணும்னா மறுஆய்வுக் குழுவுக்குப் போகணும். அது அடுத்த வருஷம் கூடும்."

அவள் பேனாவை எடுத்தாள்.

ஆய்வு அமோகமாக ஏற்கப்பட்டது. எறும்புக்குச் சமம் என்று நிரூபணமானதில் பொறியாளர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களே பாராட்டு விழா ஏற்பாடு செய்தார்கள்.

விழாவன்று அரங்கத்தின் பெரிய கதவுக்குச் சாவியைக் காணோம். துணைவேந்தர் தொடங்கி எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றோம். பொறியாளர்கள் அங்கேயே ஒரு குழு அமைத்தார்கள். சுவரோரமாகச் சாரை சாரையாகப் போன எறும்புகள், பூட்டாத பக்கக் கதவு வழியாகப் போய் உள்ளே இருந்த இனிப்பு மேசையில் ஏறிக்கொண்டிருந்தன.

எறும்புக்காரி பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தாள். சொன்னால் தன் ஆய்வு பொய்யாகிவிடும், பட்டமும் போய்விடும். கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

நானும் பார்த்தேன். ஆனால் வரிசையில் எனக்கு மூன்றாவது இடம் கிடைத்திருந்தது.