கீழ் ரூமுக்கு வந்த எல்மர்

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில் இருக்கிற சேனாபதியின் வீட்டுக் கீழ் ரூம், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அந்த ஊர்க் காலேஜ் ஃபுட்பாலுக்கென்றே நேர்ந்துவிடப்பட்டது. அப்படித்தான் மனுஷன் சொல்லிக்கொண்டு திரிந்தார். சுவரளவு டிவி, சாய்ந்தால் படுக்கையாகிற நாற்காலி, சனிக்கிழமையானால் சாத்திய கதவு. உள்ளே ஆட்டம் ஓடும், இவர் குறட்டை விடுவார். ஒரு ஆட்டக்காரன் பேர்கூடத் தெரியாது.

கோபியிலிருந்து மாமியார் ஆறு மாசத்துக்கு வருவதாகச் சேதி வந்தது. பிடித்தது வினை.

“ஏனுங்க, அம்மாவுக்குப் படி ஏற முடியாதுங்க. கீழ் ரூமைக் குடுங்க,” என்றாள் வசந்தாமணி.

“வேற எதை வேணா கேளு அம்மிணி. ஃபுட்பால் என் உசிரு.”

“சரிங்க.”

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொல்லி அவர் கேட்டதே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு நீச்சல் குளத்தருகே தெருக்காரர்கள் கூடினார்கள். எல்லாக் காலத்துக்கும் பிடித்த காலேஜ் ஃபுட்பால் வீரர் யார் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும், பிறகு ஓட்டு. பக்கத்து வீட்டு ஜம்புநாதன் மைக்கை நீட்டினார். “நீங்கதான் சார் பெரிய ஃபேன். சொல்லுங்க.”

சேனாபதி மைக்கை வாங்கினார். வசந்தாமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். முழித்தால் ரூம் போச்சு. வாயில் வந்ததை விட்டார்.

“எல்மர் கிராப்ட்ரீ. நம்பர் நாப்பத்தொண்ணு. அந்தக் காலத்து ஆளு. கொட்டற மழையில பந்தோட ஓடி விழுந்தவரு, எந்திரிக்கவே இல்ல.”

ஜம்புநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எல்மரை மறக்க முடியுமா சார்.”

சேனாபதி அவரையே பார்த்தார். இல்லாத ஆளை இவர் எங்கே பார்த்தார்?

மறுநாள் தெரு நெடுக, புல்தரைகளில் ஓட்டுக் கேட்டு அட்டை நட்டிருந்தது: எல்மர் 41. வாக்கிங் வந்த ஒருவர், எல்மர் இடது கைக்காரர் என்று விளக்கினார். அவர் ஓடுவதைத் தன் அப்பா நேரில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். சேனாபதி நடையை எட்டிப் போட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

சனிக்கிழமை கடைக்குப் போய்விட்டு வந்து ரூம் கதவைத் திறந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பின் கதவிலிருந்து நாற்காலி வரைக்கும் சேற்றுக் கால்தடம். நாற்காலி சாய்ந்து கிடந்தது, தொட்டால் சொதசொதவென்று ஈரம். வெளியே மழை பெய்து ஒரு மாசமாகிறது.

“அம்மிணி, இங்க யாரு வந்தது?”

“யாருமில்லீங்களே. நீங்கதான் கதவைச் சாத்திட்டு யார்கூடவோ பேசிட்டிருந்தீங்க.”

“நான் இப்பத்தான் வர்றேன்.”

“அப்பப் பேசினது யாருங்க?” என்றவள் திரும்பிப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

வாசல் மணி அடித்தது. நரைத்த தலை அமெரிக்கப் பாட்டியம்மா ஒருவர். சுள்ளென்ற வெயிலில் கையில் குடை, குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் சொன்னார்: “என் அண்ணன் எல்மர் உங்க வீட்டில் இருக்கிறான். சனிக்கிழமை ஆட்டத்தை விடமாட்டான். கூட உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் யாராவது தூங்கினால் மட்டும் அவனுக்குப் பிடிக்காது.”

சேனாபதி கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

“வசந்தா, அந்த ரூமை உங்கம்மாவுக்கே குடுத்துரலாம்.”

“உங்க உசிருங்களே அது.”

“உசிரு இருந்தாத்தான ஃபுட்பால்.”

டிவி கராஜுக்குப் போனது. ரூமில் சாமி படம் மாட்டி, மாமியாரும் வந்து சேர்ந்தார். அவர் வந்த மறுவாரம் சேனாபதி ஆபீஸிலிருந்து வந்தபோது, அதே பாட்டியம்மா சாப்பாட்டு மேசையில் பணியாரத்தைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தார்.

“ரோஸ்மேரி ஆன்ட்டிங்க,” என்றாள் வசந்தாமணி. “எனக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கறவங்க.”

சேனாபதிக்குச் சுரீரென்றது. “அப்ப அந்தக் கால்தடம்?”

“உங்க ஷூவைப் போட்டு நான்தானுங்க நடந்தேன்.”

“ஜம்புநாதன் அழுதாரே?”

“அவருக்கும் ஃபுட்பால் தெரியாதுங்க. தெரியலைன்னு சொன்னா அவர் வீட்டு ஃபுட்பால் ரூம் போயிருமே. இந்தத் தெருவுல ஆம்பளைங்க முக்கால்வாசிப் பேரு அப்படித்தான்.”

“இப்பவே போய் அவர்கிட்டச் சொல்றேன்.”

“அதெல்லாம் வேண்டாமுங்க. நீங்க எல்மருக்குப் பயந்து ரூமைக் காலி பண்ணின கதையும் சேர்ந்து வெளிய வந்துரும். அவர் சம்சாரம் புஷ்பவல்லியோட அம்மா அடுத்த மாசம் வர்றாங்க. சனிக்கிழமை ஆன்ட்டியை அங்க கொண்டு போய் விடோணும், நீங்கதான் டிரைவ் பண்றீங்க. குடையை நனைச்சு எடுத்துக்குங்க.”