முதுகு மரத்துப்போன அஞ்சு மணித்தியாலம்

செவ்வாய்க்கெழம சிலாபத்துக்கு போய், இடுப்புல ஒரு ஊசி போட்டுட்டு வரணும். வேல அவ்வளவுதான்.

கையில போடுற ஊசி இல்ல. முதுகெலும்புல, மூட்டு பொருந்துற எடத்துக்குள்ள, மெசின்ல படம் பாத்து பாத்து எறக்குற ஊசி. ஸ்டீரொயிட் ஊசியாம்.

ஒரு வருசமா இடுப்பு நோவு. தைலம் பூசினன், சூடு ஒத்தினன், கண்ட கண்ட குளுச எல்லாம் முழுங்கினன். ஒண்டுக்கும் மசியல்ல. குனிஞ்சா நிமிர ஏலா. நிமிந்தா குனிய ஏலா. சாரத்த கட்டினா அவுக்கிறதுக்கு யோசிக்கணும்!

தொழில் அப்பிடி. குறிஞ்சிப்பிட்டியில லொறிக்கு வெங்காய மூட, அம்பது கிலோ சாக்கு, ஏத்துறவன் நான். எங்கட முதலாளி நல்ல மனுசன்தான், பொய் சொல்லக் கூடா. ஆனா இந்த ஒலகத்துல ஒரே ஒரு நோவுலதான் அவருக்கு நம்பிக்க. அது அவருக்கு வாற நோவு. மத்த ஆக்களுக்கு வாறதெல்லாம் "சாட்டு", வேலைக்கு வராம ஈக்க சொல்ற பொய்.

"முதலாளி, ஊசி போட்ட பொறகு கொஞ்ச நாள் லீவு வேணுமாகும்" எண்டன்.

"நீ போய்ட்டு வா. ஆள பாத்துட்டு சொல்றன்" எண்டார்.

அதாவது, நான் நோயாளி எண்டு அவர் கண்ணுக்கு தெரிஞ்சா லீவு. தெரியாட்டி புதன்கெழம விடிய மூட தூக்கணும். தூக்கினா ஊசியும் வீண், இடுப்பும் முடிஞ்சு. இத மனசுல வெச்சுக்கோங்க. நான் வெக்கல்ல.

எனக்கு இடுப்பு நோவ விட பெரிய வியாதி ஒண்டு ஈக்கி. ஆக்களப் போல செஞ்சு காட்டுற வியாதி. ஒராள் வாயத் தொறந்தா அவர் சொல்றது என்ட காதுல விழாது. சொல்ற விதம்தான் விழும்.

ஆஸ்பத்திரியில என்னய குப்புற படுக்க வெச்சாங்க. டொக்டர் ஒவ்வொரு எடமா அமத்தினார்.

"இங்க நோகுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"யா அல்லாஹ்!"

"ஆ, இதுதான்" எண்டு சந்தோசமா பேனையால கோடு போட்டார். நம்மள குத்தப் போற எடம் கெடச்சா ஒராளுக்கு இவ்வளவு சந்தோசம் வரும் எண்டு எனக்கு தெரியாது.

"டொக்டர், ஊசி பெரிசா?"

"நீங்க பாக்காட்டி சின்னது."

சிங்கள டொக்டர். தமிழ் தண்ணி மாதிரி ஓடுது. ஒவ்வொரு வசனம் முடியவும் கண்ணாடிய வெரலால மேல தள்ளி, "ஹரித? விளங்கிச்சா?" எண்டு கேப்பார். ஹரித எண்டா சிங்களத்துல 'சரியா'. எனக்கு அதக் கேட்டதும் ஊசி மறந்து போச்சு! அந்த இழுவ! அந்த வெரல்! மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி பாத்துட்டே கெடந்தன்.

"ஆடாதீங்க" எண்டா நேர்ஸ்.

"நான் ஆடல்ல மிஸ்."

"ஒங்கட வாய் ஆடுது."

ஊசி போட்டு முடிஞ்சு, டொக்டர் என்னமோ நீட்டி முழக்கி சொன்னார். நான் ஓம் ஓம் எண்டு தலய ஆட்டினன். அர மணித்தியாலத்துக்கு பொறகு, "இப்ப எழும்பி குனிஞ்சு பாருங்க" எண்டார்.

குனிஞ்சன்.

நோவு இல்ல!

திரும்பவும் குனிஞ்சன். இல்ல! வலப்பக்கம், இடப்பக்கம், இல்ல! நேர்ஸ் "போதும் போதும்" எண்டு சொல்லும் வர குனிஞ்சன்.

வேன்ல வரக்கொள்ள பொஞ்சாதி ஸுலைஹா கேட்டா. அவ பாவம், வெளிய வாங்குல ஈந்தவ.

"டொக்டர் என்ன சொன்ன?"

"நல்லா கதச்சார்."

"என்னத்த கதச்ச?"

"ஹரித எண்டு கதச்சார்."

"அத விட்டுட்டு சொல்லுங்க!"

"அத விட்டா என்ன ஈக்கி? அதுதான் அழகே!"

மதுரங்குளியில வேன நிப்பாட்டி, எறங்கி, இளநி ஒண்டு குடிச்சன். கீழ விழுந்த மூடிய நானே குனிஞ்சு எடுத்து எறிஞ்சன். இளநி விக்கிறவர் என்னய பாக்கவே இல்ல. ஒரு மனுசன் குனியிறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு ஆக்களுக்கு தெரியல்ல.

வூட்டுக்கு வந்து சேர முந்தியே கத வந்து சேந்துட்டு. ஸுலைஹா ஃபோன்ல "முதுகெலும்புல ஊசி" எண்டுதான் சொல்லீக்கா. அது பாலாவி தாண்டி கல்பிட்டி ரோட்டுல ஏறி எங்கட ஊருக்கு வரக்கொள்ள, "முதுகெலும்ப கழட்டி மாட்டீக்காங்களாம்" எண்டு வந்தீக்கி.

எங்கட ஊர்ல நோய் பாக்க வாறதுக்கு ஒரு சட்டம் ஈக்கி. வாற ஆள் பால்மா பெட்டியோ பிஸ்கட்டோ கொண்டு வரணும். நோயாளி படுத்தீக்கணும். ரெண்டு பக்கமும் ஒழுங்கா நடக்கணும்.

"படுங்க!" எண்டா ஸுலைஹா.

"எனக்குத்தான் நோவு இல்லயே!"

"நோவு இல்லாட்டி என்ன, மானம் ஈக்கி! அரவாசி ஊர் வருது. நீங்க கைய வீசிட்டு நிண்டா என்னய பொய்க்காரி எண்டு சொல்ல மாட்டாங்களா?"

படுத்தன்.

பின்னேர அஸர் தொழுத கையோட ஆக்கள் வந்தாங்க. முன்னால பக்கத்து வூட்டு ஹம்சியா ராத்தா, கையில பால்மா பெட்டி. என்னய தலயில ஈந்து கால் வர பாத்தா.

"மொனகவே இல்லயே?"

"நோவு இல்ல ராத்தா."

"மொகமும் தெளிவாத்தான் ஈக்கி" எண்டா. ஆனா ஒரு கவலையோட! பெட்டிய மேசையில வெக்கிறதா, திருப்பிக் கொண்டு போறதா எண்டு யோசிக்கிற மாதிரி நெஞ்சோட அணச்சுட்டு நிண்டா. மனுசிட மனச நோகடிக்கக் கூடா எண்டு ஒருக்கா மொனகினன். ஒடன பெட்டிய வெச்சா.

அவட மாப்பிள்ளயும் வந்தார். இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தாங்க. எல்லாரும் கதிரையில குந்தி, மய்யத்து வூடு மாதிரி பேசாம என்னய பாத்துட்டு ஈக்காங்க.

என்னால ஏலுமா? ஏழெட்டுப் பேர், கதிரை போட்டு, என்னய பாத்துட்டு ஈக்காங்க! இப்பிடி ஒரு கூட்டம் எனக்கு கலியாணத்து அண்டும் கெடைக்கல்ல.

"அந்த டொக்டர் எப்பிடி கதைக்கிற தெரியுமா?" எண்டன்.

"வேணாம்" எண்டா ஸுலைஹா, குசினிக்குள்ள ஈந்து.

எழும்பிட்டன். துவாய தோள்ல போட்டன். ஹம்சியா ராத்தாட கண்ணாடிய வாங்கி மாட்டினன். வெரலால மேல தள்ளினன்.

"இந்த ஊசியில ரெண்டு மருந்து இருக்கு. ஹரித? ஒண்டு, மரக்க வைக்கிற மருந்து. அது அஞ்சு மணித்தியாலம்தான். விளங்கிச்சா? அது முடிய நோவு திரும்பி வரும். பயப்பட வேணாம். ஹரித? மத்தது ஸ்டீரொயிட். அது வேல செய்ய சில நாள் எடுக்கும். ரெண்டு கெழம பாரம் தூக்க வேணாம். விளங்கிச்சா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்காங்க! ஒரு சொல்லு விடாம, ஒரு இழுவ விடாம சொன்னன். சொன்னதுல ஒரு சொல்லும் எனக்கு விளங்கல்ல.

ஹம்சியா ராத்தா மட்டும் மணிக்கூட்ட பாத்தா. "தம்பி, ஊசி எத்தின மணிக்கு போட்ட?"

"பதினொண்டுக்கு."

"இப்ப நாலாகப் போகுதே..."

"ராத்தா, குறுக்கால கதைக்காதீங்க! அடுத்தது முதலாளி!"

சாரத்த ஒரு கையால தூக்கிப் புடிச்சன். வயித்த முன்னால தள்ளினன். மத்தக் கையில ஃபோன, பாண் துண்ட கடிக்கப் போற மாதிரி வாய்க்கு நேர வெச்சன்.

"எத்தின மூட? ஆ? எத்தின மூட? அவனுக்கு நோவா? சாட்டு! இவனுக்கு காய்ச்சலா? சாட்டு! மய்யத்தா போனாலும் சாட்டு! தூக்கு மூடய!"

எண்டு சொல்லி, தலவாணிய வெங்காய மூட மாதிரி ஒரே வீச்சுல தோள்ல ஏத்தினன்.

சிரிப்பு நிண்டிச்சு. கறண்ட் போனா ஃபேன் நிக்குமே, அப்பிடி.

திரும்பிப் பாத்தன். வாசல்ல முதலாளி. கையில ஒரு பேக் அப்பிள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" எண்டார்.

"வ அலைக்கும் ஸலாம்" எண்டன். அவர்ட கொரல்லயே! வாய் இன்னும் முதலாளியாத்தான் ஈந்திச்சு, நான் என்ன செய்ய?

அவர் மெதுவா வந்து கதிரையில குந்தி, அப்பிள மேசையில வெச்சார்.

"முதுகெலும்ப கழட்டி மாட்டினாங்களாமே?"

"அப்பிடி இல்ல முதலாளி..."

"மாட்டினவன் நல்லாத்தான் மாட்டீக்கான். விடிய அஞ்சு மணிக்கு லொறி. நூத்தம்பது மூட. வந்துரு."

தலவாணிய கீழ வெச்சுட்டு கெஞ்சுவம் எண்டு குனிஞ்சன் பாருங்க.

அஞ்சு மணித்தியாலம் முடிஞ்சு.

இடுப்புல ஆரோ ஆணி அடிச்ச மாதிரி! அரவாசி குனிஞ்சபடி அப்பிடியே நிண்டுட்டன். ஒரு கை அலுமாரியில. மத்தக் கை இடுப்புல. வாய் ஒரு பக்கமா கோணிட்டு.

"முதலாளி... நோகுது..."

முதலாளி தொடயில அடிச்சு சிரிச்சார். "அடேய்! இது ஆரு?"

"பள்ளியில பாங்கு சொல்ற மோதினார்!" எண்டார் ராத்தாட மாப்பிள்ள.

"மோதினார் கம்பு புடிக்கிறவர். இது மீன் கட நானா!" எண்டார் இன்னொராள்.

"இல்ல... நான்... நாந்தான்..." எண்டன்.

"தன்னயே செய்யிறான்!" எண்டு எல்லாரும் கை தட்டினாங்க. முதலாளி கண்ணத் தொடச்சுட்டே, "இதுதான் எல்லாத்தயும் விட நல்லா ஈக்கி! வேர்வ கூட வருது பாருங்க!" எண்டார்.

வேர்வ மட்டுமா? கண்ணீரும் வந்திச்சு. அதுக்கும் கை தட்டினாங்க.

பொறகு முதலாளி கதிரைய முன்னுக்கு இழுத்துப் போட்டார். "சரி. முந்தி என்னய செஞ்சியே, அத எனக்கு முன்னால செய். வல்லாஹி, கோவிக்க மாட்டன்."



முதலாளிய முதலாளிக்கு முன்னால, அவரே கேட்டு! இதுக்கு ஆச வெச்சு எத்தின வருசம்! வாயத் தொறந்தன்.

"ஏலா முதலாளி" எண்டுதான் வந்திச்சு.

குசினியில ஈந்து ஸுலைஹா கத்திட்டே ஓடி வந்தா.

"யா அல்லாஹ்! கேட்டும் செய்ய மாட்டேங்கிறார்! இவருக்கு மெய்யாவே ஏலாம ஈக்கி! புடிங்க, புடிங்க!"

அப்பதான் எல்லாருக்கும் வெளங்கிச்சு. முதலாளிதான் முதல்ல பாஞ்சு வந்து என்ட கக்கத்துல கை குடுத்தார். நாலு பேரு சேந்து என்னய மரப்பலக மாதிரி தூக்கி படுக்க வெச்சாங்க.

"அஞ்சு மணித்தியாலம்! நான் சொல்ல வந்தன்தானே!" எண்டா ஹம்சியா ராத்தா. அவட மொகத்துல இப்பதான் ஒரு தெளிவு. கொண்டு வந்த பால்மா வீண் போகல்ல.

"டொக்டர் சொன்னத இவர்தானே நிண்டு சொன்னார்! வந்த ஆக்கள் எல்லாருக்கும் வெளங்கீக்கி, சொன்னவருக்கு வெளங்கல்ல" எண்டு ஸுலைஹா தலயில அடிச்சா.

முதலாளி என்ட நெத்தி வேர்வய தன்ட லேஞ்சியால தொடச்சார். "மெய்யாவே நோகுதாடா?"

தலய ஆட்டினன். 

"ரெண்டு கெழமக்கி லொறி பக்கம் ஒன்னய காணக் கூடா. வந்தா காலத்தான் ஒடைப்பன்" எண்டார். போர்வய என்ட கழுத்து வர இழுத்து விட்டார். எனக்கு அழுக வந்திச்சு.

எழும்பி வாசல் வர போனார். நிண்டார். திரும்பி என்னய ஒரு பார்வ பாத்தார். வந்து, மேசையில ஈந்த அப்பிள் பேக்க எடுத்து கக்கத்துல வெச்சுட்டு, ஸலாம் சொல்லிட்டு போய்ட்டார்.

ரெண்டாவது மருந்து ஆறாம் நாள் வேல செய்யத் தொடங்கிச்சு, அல்ஹம்துலில்லாஹ்.

முதுகால லீவு கெடச்சிச்சு. வாயால அப்பிள் போச்சு.