வேன் வந்தால் உருளும் பழம்

பள்ளிக்கூடத்தில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு அடுத்து என்ன என்று சொல்ல இலவச முகாம் நடத்தினார்கள். பதினொரு பேர் போனார்கள். அதே வாரம் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையோரத் தகரக் கொட்டகையில் திசைகாட்டிச் சித்தர் வந்து உட்கார்ந்தார். ஊரே தட்சிணையோடு திரண்டு போனது. சும்மா கிடைக்கும் அறிவுக்கு மரியாதை ஏது?

சித்தருடைய முறை மிக எளிது. அவர் முன்னால் ஒரு குட்டைப் பலகை. அதில் குங்குமத்தால் மூன்று வட்டம்: படிப்பு, பயிற்சி, வேலை. மார்க் ஷீட்டின் நகலை நடுவில் விரித்து, அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைப்பார். வலக்கையை வானத்துக்குத் தூக்குவார். இடக்கை பலகைக்கு அடியில், ஜபமாலைப் பைக்குள் இருக்கும். பழம் நடுங்கும், உருளும், ஒரு வட்டத்தில் போய் நிற்கும். அதுதான் விதி. பன்னிரண்டு வருஷம் படித்த படிப்பைவிட ஒரு பழத்துக்கு விவரம் அதிகம் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தேர்வாய் கண்டிகையில் மூட்டை ஏற்றி இறக்கும் கலியன், மகள் பூமிகாவை இழுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றார்.

"நைனா, எனக்குதான் ஐடிஐல எலெக்ட்ரீஷியன் சீட்டு கெடச்சிருச்சே. திங்கக்கெழம சேரணும். இங்க இன்னாத்துக்கு?"

"சாமி ஒரு வார்த்த சொல்லிட்டா நிம்மதி. வாய மூடிக்கினு நில்லு."

பூமிகா வாயை மூடிக்கொண்டாள். கண்ணை மூடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு வேன் நின்றது. 'வேலை' விழுந்தவர்கள் அசல் மார்க் ஷீட்டைக் கம்பெனிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டு அதில் ஏற வேண்டும். பதினொரு மாதம் கம்பெனி விடுதி, பெட்டி ஒட்டும் வேலை. நடுவில் விட்டுவிட்டுப் போனால் மார்க் ஷீட் திரும்பாது. அது இல்லாமல் எந்தப் படிப்பிலும் சேர முடியாது.

வேன் நிரம்பிக் கிளம்பியது. அடுத்த ஒன்பது பேருக்கும் பழம் 'படிப்பு' என்றது. இரண்டாவது வேன் வந்து ஹாரன் அடித்தது. பழம் மனம் மாறி 'வேலை' என்றது. ஹாரன் சத்தம் கேட்கும் பழத்தை பூமிகா அன்றுதான் பார்த்தாள். வரிசையில் அப்பாவை நிறுத்திவிட்டு வெளியே பூக்கடைக்கு ஓடிப்போய் வந்தாள்.

அவள் முறை வந்தது. பழம் நேராக 'வேலை'யில் போய் நின்றது.

"பூமாதேவி சொல்லிட்டா. படிச்சா கண்டம்," என்றார் சித்தர்.

கலியன் அசல் மார்க் ஷீட் இருந்த கவரை ஏஜென்ட்டிடம் நீட்டப் போனார். பூமிகா அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். தன் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பலகையில் வைத்தாள்.

"சாமி, இன்னொரு தபா பாருங்க. இது நான் வாங்கினு வந்த பழம்."

"பூஜை செய்யாத பழம் பேசாது!"

"பேசறது சாமியா, பழமா? சாமின்னா எந்தப் பழத்துலயும் வருமே."

வரிசையோரம் நின்றிருந்த ஞானம்மா, "அது கரீட்டு. போடு சாமி," என்றாள். அவளுடைய மகன் முதல் வேனில் போய்விட்டிருந்தான்.

சித்தர் கையைத் தூக்கினார். கண்ணை உருட்டினார். தோளை உருட்டினார். பழம் மட்டும் உருளவில்லை.

பூமிகா சித்தருடைய பழத்தை எடுத்து, பக்கத்திலிருந்த பூஜைக் கத்தியால் இரண்டாகப் பிளந்தாள். சாறு வந்தது. கூடவே ஓர் இரும்பு ஆணி வந்தது. ஞானம்மா குனிந்து ஜபமாலைப் பையை உருவினாள். உள்ளே மாலை இல்லை. ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் இருந்தது. கத்தி ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொண்டது. அங்கே பக்தியோடு ஒட்டியது அது ஒன்றுதான்.

சித்தர் வேனில் ஏறப் பார்த்தார். ஞானம்மா வேனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ள திரும்பி வரணும். எல்லாரு மார்க் ஷீட்டும் வரணும். அதுவரைக்கும் டயரு என் மேலதான் ஏறணும்." அவளைச் சுற்றி நூறு பேர் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. மத்தியானத்துக்குள் முதல் வேனும் திரும்பி வந்தது. ஏஜென்ட்டின் பையிலிருந்து மார்க் ஷீட்டுகளை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்துக் கொடுத்தார்கள்.

கூட்டம் கலையும்போது ஓர் அம்மாள் பூமிகாவின் காதருகே வந்தாள். "கண்ணு, அந்த ஆணியக் குடேன். சாமி கைபட்டது. வாசல்ல அடிச்சா திருஷ்டி படாது."

கலியன் மகளோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். அங்கேதான் கேட்டார். "ஏம்மா, எலெக்ட்ரீஷியன்னா இன்னா வேல? அத ஏன் புடிச்ச?"

பஸ் வரும்வரை பூமிகா சொன்னாள். மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்பதில் ஆரம்பித்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். திங்கட்கிழமை கையெழுத்துப் போட அவரே கூடப் போனார்.

பிள்ளையின் எதிர்காலத்தை ஊர் ஊராகப் போய்க் கேட்கும் பெற்றோர்களே, வீட்டில் அந்தப் பிள்ளைக்கே ஒரு வாய் இருக்கிறது. சோறு போட மட்டும்தான் அதைத் திறக்கச் சொல்வீர்களா?