அரை முகத்தோடு போட்ட புள்ளடி

இலங்கையில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கி, அதை நடத்தியும் காட்டிய ஒரே மனிதர் எங்கள் தோட்டத்துச் சவரக்காரர்தான். அவருக்கு வாக்கு கிடையாது என்பது வேறு விஷயம்.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த காலம். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'புள்ளடி'. நாற்பத்தேழாம் ஆண்டுத் தேர்தலில் வாக்குச் சீட்டில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டுவிட்டு வந்தவர், அன்றிலிருந்து எதைக் கண்டாலும் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். சவரத்துக்கு உட்கார்ந்தால் முதலில் கன்னத்தில் நுரையால் ஒரு புள்ளடி. மொட்டை போட்ட பிள்ளைக்குச் சந்தனம் தடவினாலும் உச்சியில் புள்ளடிதான்.

மறு வருடம் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அதற்கடுத்த தேர்தலில் எங்கள் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் ஒருவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் இல்லை. லயம் ஏழு, லயத்துக்குக் காம்பரா பன்னிரண்டு, வாக்கு பூஜ்ஜியம். பிறகு பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்களில் என் மனு மட்டும் எப்படியோ தேறியது. ஆக, மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே வாக்கு. அது என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் மீண்டும் தேர்தல் வந்ததும் புள்ளடி என்னைத் தேடி வந்தார்.

"வாத்தியாரய்யா, நம்ம ஓட்ட யாருக்குப் போடுறதுன்னு தோட்டம் முடிவு பண்ணட்டுங்க."

"நம்ம ஓட்டா? அது என் ஓட்டுய்யா!"

"கை ஒங்களதுங்க. ஓட்டு எங்களது."

நின்றவர்கள் இருவர். ஒருவருக்குக் குடைச் சின்னம், மற்றவருக்குக் கடிகாரம். ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் இரண்டு பிஸ்கட் தகரங்களை வைத்தார் புள்ளடி. வயது வந்த அனைவரும் ஆளுக்கொரு தேயிலைக் கொட்டை போட வேண்டும். போடாத ஆணுக்குப் பாதிச் சவரம். பெண் போடாவிட்டால், அவள் புருஷனுக்கு.

"எனக்கு வேல கெடக்கு, போய்யா" என்றாள் கொழுந்து பறிக்கும் மாரியாயி.

"அக்கா, ஒம் புருசன் மீசையப் பாத்தியா? ஒரு பக்கம்தான் இருக்கு."

"மத்தப் பக்கத்தையும் எடுத்துரு. சனியன் ஒழியட்டும்!"

"நீ போட்டாத்தான் எடுப்பேன்."

மாரியாயி ஓடிப்போய்க் குடையில் போட்டாள். குடைதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கடிகாரம் ஜெயித்தால் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இன்னும் வெள்ளனவே எழுப்பிவிடுவார்கள் என்று பயம். நானே எண்ணினேன். குடைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கொட்டை. கடிகாரத்துக்கு ஒன்பது, அதில் ஒன்று பலாக்கொட்டை. அதைச் செல்லாது என்று தள்ளினார் புள்ளடி. மிஞ்சிய எட்டில் ஒன்று என்னுடையது. நேரம் தவறாமை எனக்கு முக்கியம்.

தேர்தல் நாளன்று பேய் மழை. எனக்குக் காலையிலேயே மூன்று தும்மல். வாக்குச்சாவடியோ மலையடிவாரத்தில். போகாமலிருப்பதும் வாக்காளனின் உரிமைதானே என்று தீர்மானித்து, சவரத்துக்கு உட்கார்ந்து, அதை வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன். இடது கன்னம் முடிந்திருந்தது. புள்ளடி கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"மத்தப் பக்கம்?"

"போட்டுட்டு வாங்க."

"சட்டத்துல அப்படிக் கட்டாயம் ஒண்ணும் கெடையாதுய்யா."

"சட்டம் கொழும்புல இருக்குங்க. கத்தி எங்கிட்ட இருக்கு."

மழை பலத்ததால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மலையில் நின்ற ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதில் நாற்பத்து மூன்று பேர் என்னோடு கிளம்பினார்கள். என் வாக்குக்கு அத்தனை காவல். குடை ஒன்றே ஒன்று, என்னுடையது. அட்டைக் கடி ஏழு. அதில் ஐந்து எனக்கு.

சாவடி வாசலில் பொலிஸ்காரர் மறித்தார். குடை ஒரு வேட்பாளரின் சின்னமாம், உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். நான் வாதாடிக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து புள்ளடியின் குரல்:

"அப்ப ஐயா கையில கடியாரம் இருக்கே? நியாயம்னா ரெண்டுக்கும் நியாயம்!"

என் கைக்கடிகாரத்தையும் கழற்ற வைத்தார்கள். நனைந்து, நடுங்கி, அரை முகத்தோடு உள்ளே போனேன். சாவடி அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "மாத்தயா, முகத்தில் மற்றப் பாதி எங்கே?"

"வெளியே நிற்கிறது" என்று கையைக் காட்டினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். சீட்டைக் கொடுத்தார்.

மறைப்புக்குள் நின்று பென்சிலை எடுத்தேன். அதுவரை காச்சுமூச்சென்று கத்திய கூட்டம் கப்சிப். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்ததும் மொய்த்துக்கொண்டார்கள்.

"கொடைக்குத்தானுங்களே? கொடைக்குத்தானே?"

"யாரும் கேக்கப்படாது!" என்று புள்ளடி பாய்ந்தார். "ஓட்டுன்னா ரகசியம். ஐயாவோட உரிம அது."

என்னைப் பக்கத்து மரத்தடிக்கு இழுத்துப்போய் ஒரு கல்லில் உட்கார வைத்து, வலது கன்னத்தில் சோப்பு தடவினார். கத்தியை எடுக்கும்முன் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்:

"ஐயா, பென்சில் கூரா இருந்துச்சுங்களா? நூல் கட்டியா வச்சிருந்தாங்க?"

"ஆமா."

"கோடு ரெண்டும் நடுவுலதான் வெட்டிக்கிச்சா?"

"நடுவுலதான், புள்ளடி."

"அது போதுங்க" என்றார். அன்று மட்டும் நுரையில் அவர் புள்ளடி போடவில்லை.

அவரே கேட்காதபோது, யாருக்குப் போட்டேன் என்று உங்களுக்கும் நான் சொல்வதாக இல்லை. இப்போது என் முகத்தை நானே மழித்துக்கொள்கிறேன். தேர்தல் நாளில் மட்டும் இடது கன்னத்தோடு நிறுத்திவிட்டு வாக்குச்சாவடிக்குப் போகிறேன். மருமகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். அடித்துக்கொள்ளட்டும். வலது கன்னம் புள்ளடியுடையது.