தீர்க்கதரிசியின் நாற்காலி

"போட்ட சீட்டு போட்டதுதான் அண்ணே. கையை எடுங்க!"

மூக்குக் கண்ணாடிக் கடையில் கல்லா பார்க்கும் பெண், உண்டியலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் பரிசோதிப்பவர் அசட்டுச் சிரிப்போடு கையை இழுத்துக்கொண்டார்.

எந்தத் தேர்தல் வந்தாலும் அந்தக் கடையில் ஒரு போட்டி உண்டு. ஜெயிப்பது யாரென்று ஆளுக்கொரு சீட்டு எழுதி உண்டியலில் போட வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு, அடுத்த தேர்தல்வரை கடையின் ஒரே சுழல் நாற்காலி. மற்றவர்களுக்கு முக்காலி. கண் பரிசோதிக்கும் நம்மவர் வருஷக்கணக்காக முக்காலியில் உட்கார்ந்ததே இல்லை. தெருவே அவரைத் 'தீர்க்கதரிசி' என்றுதான் கூப்பிடும். கூப்பிட்டால் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் "என்ன?" என்பார்.

இந்த முறை வார்டுத் தேர்தல். பழைய உறுப்பினரே ஜெயிப்பார் என்று முதல் ஆளாக எழுதிப் போட்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மனைவி வாசலிலேயே நிற்கிறாள்.

"என்னங்க, நானும் தேர்தல்ல நிக்கிறேன். மனு குடுத்துட்டேன். குழாய்ல தண்ணி வராம இன்னும் எத்தனை நாளைக்கு வாயை மூடிட்டு இருக்கறது?"

"நீயா?"

"ஏன், உங்க கடைப் போட்டியில என் பேரைத்தானே எழுதுவீங்க?"

"அதை வேற கேக்கணுமா?" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இப்போது சீட்டும் கைக்கு வரவில்லை. அவள் தோற்றால்தான் நாற்காலி தப்பும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஓட்டுக் கேக்கப் போற இடத்துல பேச்செல்லாம் பேசாதே. உள்ளே போ, குழாயைத் திற, மூடு, வந்துடு."

அவள் அப்படியே செய்தாள். ஒவ்வொரு வீட்டிலும் குழாய் 'புஸ்ஸ்' என்று காற்றைக் கக்கியது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார்கள். தெருமுனையைத் திரும்புவதற்குள் அது ஊர்வலமாகிவிட்டது.

இதைப் பார்த்த தீர்க்கதரிசி ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். பின்வாசல் வழியாகப் பழைய உறுப்பினர் வீட்டுக்குள் நுழைந்தார். அவரோ சாய்வு நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சும்மா படுத்திருக்கீங்களே சார்! அவளை லேசா நினைக்காதீங்க."

"அப்படியா?"

"தெருவிளக்கு எரியலைன்னு இன்ஜினீயரைக் கையோட கூட்டிட்டு வந்து இருட்டுல நடக்கவெச்சவ சார்! எங்கம்மா படுத்த படுக்கையா கிடந்தப்ப ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை. சொன்ன சொல்லு மாறமாட்டா. அவ வாயில பொய்யே வராது."

"ஓஹோ!" பழைய உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதனாலதான் சொல்றேன், பயப்படுங்க சார்!"

பயமுறுத்திவிட்ட திருப்தியோடு திரும்பினார். நெஞ்சு ஏன் இப்படி விம்முகிறது என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

ஓட்டுச்சாவடியில் கை அவரைக் கேட்கவே இல்லை. நேராக மனைவியின் சின்னத்துக்குப் போய்விட்டது.

முடிவு வந்தது. ஒரே ஒரு ஓட்டில் அவள் ஜெயித்துவிட்டாள்!

மாலையும் கழுத்துமாக, கூட்டத்தோடு கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கல்லாக்காரப் பெண் உண்டியலைத் திறந்து உரக்க வாசித்தாள்.

"தீர்க்கதரிசி அண்ணன் சொன்னது... பழைய உறுப்பினர்! நான் அக்கா பேரைத்தான் எழுதினேன். எந்திரிங்க அண்ணே!"

கடை கொல்லென்று சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"என் மேல உங்களுக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா?"

நாற்காலி போனதுகூட அவருக்கு உறைக்கவில்லை. முக்காலி ஓரத்தில் ஒடுங்கிப்போனார்.

"நீ நிக்கறதுக்கு முன்னாடி எழுதினதும்மா அது. ஓட்டை உனக்குத்தான் போட்டேன். அந்த ஒரு ஓட்டு என்னோடது!"

"இதை யார் நம்புவா?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது, வாழ்த்துச் சொல்ல வந்த பழைய உறுப்பினர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அவர் ஓட்டை விடும்மா. அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்து அவர் உன்னைப் பத்திப் பேசினதைக் கேட்டப்புறம், நானே உனக்குத்தான் ஓட்டுப் போட்டேன்!"