கோடு சாயிப்புவின் திருஷ்டிப் பொட்டு

தான் வரைந்த படத்தில் யாருக்கும் ஒரு மண்ணும் தெரிந்துவிடக் கூடாது என்று பிராணனை விட்டவர் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

ஹங்கேரிக்காரர். நவீன ஓவியர். எங்கள் வலியசாலைத் தெருவுக்கு வெள்ளைக்காரர் என்றாலே சாயிப்புதான். இவர் கோடு மட்டுமே போடுவார் என்பதால் கோடு சாயிப்பு. மரம், முகம், மலை எல்லாவற்றையும் சொந்த ஊரிலேயே தலைமுழுகிவிட்டு வந்தவர். பொன்முடி மலைக்கு அழைத்துப் போனபோது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். கோடு கோடாக மட்டும் தெரியவேண்டும், அவ்வளவுதான் ஆசை. பாவி மனுஷர், அந்த ஆசையோடு எங்கள் தெருவுக்கா வரவேண்டும்?

சிவப்புக் கோடுகள் போட்டுக் காயவைத்தால், கோயில் மதில் என்று செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுப் போனார்கள். மூன்று வெள்ளைக் கோடு போட்டார். விபூதிப் பட்டை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாயிப்பு மாடிப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“அது ஒண்ணும் இல்லா! கோடு மாத்ரம்!”

“மனசிலாச்சு சாயிப்பே, நிர்குணப் பிரம்மம்தானே?” என்றேன். படத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒருவழியாகக் கொச்சியிலிருந்து ஆர்ட் காலரி நடத்தும் ஓர் அம்மாள் வருவதாகச் சொன்னாள். பிடித்தால் கண்காட்சி. தலை நரைத்தும் ஒரு கண்காட்சிகூட வாய்க்காத மனுஷருக்கு அதுதான் கடைசி நம்பிக்கை. வெள்ளைமேல் வெள்ளையாகப் பெரிய படம் ஒன்று போட்டு வாசலில் சாத்தினார். அதில் யாராலும் எந்தச் சாமியையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மாள் வந்தாள். படத்தின் கீழ்மூலையைக் காட்டி, “கம்பீரம்! இந்தக் கறுப்புப் புள்ளியாக்கும் படமே! எல்லாப் படத்துலயும் இது வேணும்” என்றாள்.

சாயிப்பு புள்ளி எதுவும் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் எதிர்வீட்டு மாமியைப் பார்த்தேன்.

“நானாக்கும் வெச்சேன்” என்றாள் மாமி. “அத்தனை நன்னா இருந்துது, கேட்டேளா. கண்ணு பட்டுடப்படாதேன்னு ஒரு திருஷ்டிப் பொட்டு.”

அவர் படத்தை வாழ்நாளில் நன்றாயிருக்கிறது என்று சொன்ன ஒரே ஆத்மா அவள்தான். அது அவருக்கு ஏறவில்லை. டர்பன்டைனில் துணியை நனைத்துப் பொட்டைத் துடைத்தார்.

“ஒரு பொட்டு சாயிப்பே, இருந்துட்டுப் போகட்டுமே!” என்று கெஞ்சினேன்.

“இருந்தா அது என் படம் இல்லா.”

அம்மாள் காரில் ஏறிப் போய்விட்டாள். அப்புறம் அவர் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். தேடிக்கொண்டு ஒருவரும் வரவில்லை.

வெள்ளைப் படம் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வெறும் வெள்ளையாகப் பார்க்கத்தான் தினமும் பாடுபடுகிறேன். முடியவில்லை சாயிப்பே, நீங்கள்தான் தெரிகிறீர்கள்.